காரில் உப்புக் கறை: கண்ணாடியையும் பெயின்ட்டையும் கெடுக்காமல் எடுப்பது எப்படி?

போர் தண்ணீரில் கார் கழுவுகிறவர்களுக்கு இந்தக் கறையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கழுவிய கையோடு வண்டி பளபளவென்றுதான் இருக்கும். அரை மணி நேரம் வெயிலில் நின்றபின் பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளை வளையங்கள், கண்ணாடியில் மேலிருந்து கீழாக வழிந்த கோடுகள். ஈரத் துணியால் துடைத்தால் மறையும், காய்ந்ததும் மறுபடி தெரியும். பலரும் அழுத்தித் தேய்க்க ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். பல வண்டிகளில் கறையால் வந்த சேதத்தைவிட அந்தத் தேய்ப்பால் வந்த கீறல்தான் அதிகம்.

உப்புக் கறையைக் கரைத்து எடுக்க வேண்டும், சுரண்டி எடுக்கக் கூடாது. கரையாமல் மிஞ்சுவதற்கு மட்டும்தான் பாலிஷ். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன. எந்தப் படியில் கறை போகிறதோ அதோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த படிக்குப் போனால் வண்டி இன்னும் மின்னும் என்று நினைத்துத் தொடர வேண்டாம்.

கறைக்குள் இருப்பது என்ன?

நிலத்தடி நீர் மண்ணையும் பாறையையும் கடந்து வரும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீரில் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும்வரை அவை கண்ணுக்குத் தெரியாது. துளி காயும்போது கார்பன் டை ஆக்சைடு பிரிந்துபோய், கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல், மிஞ்சுகிறது. துளியின் ஓரம் வேகமாகக் காய்வதால் உப்பு ஓரத்துக்கு இழுபட்டு அங்கே குவியும். கறை வளையமாகத் தெரிவது அதனால்தான்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 600 வரை அனுமதி. நம் ஊர்களில் பல போர்கள் இந்த 200-ஐத் தாண்டியவை. 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் வண்டி மேலேயே காய்ந்தால், ஏறக்குறைய 0.3 கிராம் சுண்ணாம்பு அங்கே ஒட்டிக்கொள்கிறது என்று கணக்கு. வாரா வாரம் இப்படிக் கழுவினால் எவ்வளவு சேரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கோவையில் ஒரே வண்டியை உப்பு குறைந்த சிறுவாணி ஆற்றுத் தண்ணீரில் ஒரு தடவை, போர் தண்ணீரில் ஒரு தடவை கழுவிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே சுண்ணாம்புதான். அதற்கு வீட்டில் புளியோ எலுமிச்சைத் தோலோ போடுகிறோம் அல்லவா? காரிலும் வேலை செய்வது அதே புளிப்புதான், அதாவது அமிலம். ஷாம்பூவும் நீல நிறக் கண்ணாடி கிளீனரும் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும், சுண்ணாம்பை அசைக்காது. சமையல் சோடா காரத்தன்மை கொண்டது, அதுவும் உதவாது. வினிகரில் சோடாவைக் கொட்டிப் பொங்க வைக்கும் குறிப்பு ஒன்று எல்லா இடத்திலும் சுற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். பார்க்க நுரை வரும், கறை அப்படியே இருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணீரில் சல்பேட்டும் சிலிக்காவும் அதிகமாக இருந்தால் அந்தப் படிவு வினிகருக்கு அவ்வளவாகக் கரையாது. எத்தனை தடவை வினிகர் வைத்தாலும் மெல்லிய மங்கல் மிஞ்சுகிறது என்றால் அதுவாக இருக்கலாம். அதற்குப் பாலிஷ்தான் வழி.

கறை எந்த நிலையில் இருக்கிறது?

வேலையைத் தொடங்கும் முன் வண்டியைக் கழுவி, துடைத்து, நிழலில் நிறுத்தி, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வளையம் வெள்ளையாக, மேலே உட்கார்ந்த மாதிரி இருந்தால் அது புதுக் கறை. விரல் நுனியால் தடவும்போது லேசாகச் சொரசொரத்தால் உப்பு இறுகிவிட்டது. வெள்ளையே இல்லை, ஆனால் வளையத்தின் வடிவம் மட்டும் பெயின்ட்டில் பள்ளமாகத் தெரிகிறது என்றால், பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற காப்பு அடுக்கான கிளியர் கோட் அரிக்கப்பட்டுவிட்டது. கரைக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு வளையத்தின் மேல் ஒரு சொட்டு வெள்ளை வினிகர் விட்டு, டார்ச்சைப் பக்கத்தில் பிடித்துக் கவனியுங்கள். படிவு கனமாக இருந்தால் வளையத்தின் விளிம்பிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் கிளம்பும். சிறிது நேரத்தில் அந்த வெள்ளை விளிம்பு அங்கங்கே அறுபட்டு, கீழே பெயின்ட்டின் நிறம் தெரிய ஆரம்பிக்கும். குமிழி வந்தால் நிம்மதி, கறை கார்பனேட்தான், பாலிஷ் இல்லாமலே போக வாய்ப்பு அதிகம். மெல்லிய கறையில் குமிழி தெரியாமலும் போகலாம். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

என்னென்ன வேண்டும்?

மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும். நிறமுள்ள வினிகரும் ஆப்பிள் சிடர் வினிகரும் வேண்டாம். வினிகர் வாசனை பிடிக்காதவர்கள் சிட்ரிக் ஆசிட் வாங்கலாம், லெமன் சால்ட் என்றும் விற்பார்கள். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு 20 கிராம், சுமார் 4 டீஸ்பூன். எலுமிச்சையை நேராகப் பிழிய வேண்டாம். அதில் சர்க்கரையும் சக்கையும் இருக்கிறது, பதமும் ஒவ்வொரு பழத்துக்கும் மாறும்.

டிஸ்டில்டு வாட்டர் என்பது பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான். பெட்ரோல் பங்க், பேட்டரி கடை எல்லாவற்றிலும் 5 லிட்டர் கேனில் கிடைக்கும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பேட்டரி ஆசிட் வேறு, அது கந்தக அமிலம்.

ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணி, கார் ஷாம்பூ, இரண்டு பக்கெட், ரப்பர் கையுறை, இரண்டு ஸ்ப்ரே பாட்டில். கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய துகளை எடுக்கும் களிமண் போன்ற கட்டி), பாலிஷ், கண்ணாடியை மெருகேற்றும் செரியம் ஆக்சைடு பவுடர் ஆகியவற்றை முதலிலேயே வாங்கிக் குவிக்க வேண்டாம். தேவைப்பட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் இருக்கிறதே என்று கழிவறை கழுவும் ஆசிட்டையோ டைல்ஸ் கிளீனரையோ காரில் ஊற்றாதீர்கள். அவற்றில் பல ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறை நொடியில் போகும், கூடவே குரோம் பட்டையும் அலுமினியமும் கறுத்துப்போகும். இரும்பு ஸ்க்ரப்பர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், பல்பொடி, டூத்பேஸ்ட் எதுவும் பெயின்ட் பக்கம் வரக் கூடாது. இன்னொன்று, எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

படி 1: கழுவுவது

வண்டி நிழலில் இருக்க வேண்டும். பானெட்டில் கையை வைத்தால் சுடக் கூடாது. வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் கழுவினால் பழைய கறையை எடுப்பதற்குள் புதுக் கறை வந்துவிடும். காலை ஏழு மணிக்கு முன்போ சாயங்காலமோ வைத்துக்கொள்ளுங்கள்.

தூசியை முதலில் தண்ணீர் பீய்ச்சி இறக்குங்கள். அப்புறம் ஷாம்பூ, மேலிருந்து கீழாக. ஒரு பக்கெட்டில் ஷாம்பூ நீர், இன்னொன்றில் துணி அலச வெறும் நீர். மணல் துகள் போகாமல் அடுத்த படிக்குப் போனால் நீங்களே உப்புத்தாள் பிடித்துத் தேய்ப்பதற்குச் சமம். கழுவியதும் முழுக்கத் துடைத்துவிடுங்கள்.

படி 2: கண்ணாடி

முதலில் கண்ணாடியில் தொடங்குவது நல்லது. பெயின்ட்டைவிடக் கண்ணாடி உறுதியானது, கை பழகும். ஜன்னல் கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கிக்கொள்ளுங்கள், மேல் விளிம்பில் தேங்கியிருக்கும் உப்பு அப்போதுதான் கைக்கு எட்டும்.

வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்து துணியை நனைத்து, கறை மேல் ஒட்டி வையுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள், காயப் பார்த்தால் மேலே இன்னும் கொஞ்சம் தெளியுங்கள். கரைவதற்கு நேரம் கொடுத்தால் கைக்கு வேலை குறையும். பிறகு துணியைப் புரட்டி லேசாகத் துடைத்து, தண்ணீர் ஊற்றி அலசி, உலர்த்திப் பாருங்கள். பாதி போயிருந்தால் மறுபடி ஒரு தடவை. மூன்றாவது தடவைக்கு வினிகரைத் தண்ணீர் கலக்காமல் வைக்கலாம்.

சில இடங்களில் கவனம் வேண்டும். சைடு மிரரின் ஓரத்தில் அமிலத்தைத் தேங்க விடாதீர்கள், பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சை அது அரிக்கும். பின் கண்ணாடியின் உட்புறத்தில் ஓடும், பனிமூட்டத்தை நீக்கும் டீஃபாகர் கம்பிகளை அழுத்தித் தேய்க்க வேண்டாம். உள்ளே ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமிலமும் பாலிஷும் வெளிப்புறத்தில் மட்டும்தான். ஹெட்லைட் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதற்கு வினிகர் துணி போதும், செரியம் ஆக்சைடைக் கொண்டுபோகாதீர்கள்.

வினிகருக்கும் மசியாத கண்ணாடிக் கறைக்குச் செரியம் ஆக்சைடு. கண்ணாடியை மெருகேற்றவே பயன்படும் பொடி இது. முகக் கவசம் போட்டுக்கொண்டு, டிஸ்டில்டு வாட்டரில் பசையாகக் குழைத்து, கம்பளிப் பஞ்சு வைத்த ஃபெல்ட் பேடில் எடுத்து, ஒரு சாண் அகல இடமாகப் பிரித்துச் செய்யுங்கள். சுற்றிலும் ரப்பருக்கும் பெயின்ட்டுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் இடுக்கில் புகுந்த பசையை எடுப்பதே தனி வேலையாகிவிடும். பசை காயக் கூடாது, கண்ணாடி சூடாகவும் கூடாது. முன் கண்ணாடியில் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரான இடத்தில் ஒரே புள்ளியில் அதிக நேரம் தேய்த்தால், எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் நெளிந்து தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் அனுபவசாலியிடம் விடுவது என் யோசனை.

பல மாதம் ஈரமும் உப்புமாகக் கிடந்த கண்ணாடியில், கண்ணாடியின் மேற்பரப்பே வேதிமாற்றம் அடைந்து பால் நிறமாகிவிடுவதுண்டு. செரியம் ஆக்சைடுக்கும் அது அசையவில்லை என்றால் கண்ணாடியை மாற்றுவதுதான் தீர்வு. அதற்கு மேல் தேய்ப்பது வீண்.

படி 3: பெயின்ட்

இங்கேதான் பொறுமை வேண்டும். காரின் மேல் அடுக்கான கிளியர் கோட் பெரும்பாலும் 40 மைக்ரான் அளவில்தான் இருக்கும், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. நிறத்தை வெயிலிலிருந்து காப்பது அதுதான், போனால் திரும்ப வராது.

கவனத்தில் படாத மூலையில், கதவின் கீழ்ப்பகுதியில், முதலில் சோதித்துப் பாருங்கள். நிறம் மங்கவில்லை என்றால் தொடரலாம். ஒரு நேரத்தில் ஒரு பேனல் மட்டும். சம அளவு கலந்த வினிகரிலோ சிட்ரிக் ஆசிட் கரைசலிலோ துணியை நனைத்துப் பரப்பி வையுங்கள். கண்ணாடிக்கு ஐந்து நிமிடம் என்றால் பெயின்ட்டுக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். ஒருபோதும் காய விடாதீர்கள், காய்ந்த அமிலமே புதுக் கறை போடும். எடுத்ததும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் ஷாம்பூ நீரால் கழுவி, உலர்த்துங்கள்.

ஒரே பேனலில் இரண்டு மூன்று சுற்று தேவைப்படலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் துணி. முதல் சுற்றில் கழன்ற துகள் அந்தத் துணியில்தான் இருக்கிறது. மேட் பெயின்ட் (பளபளப்பில்லாத பெயின்ட்) உள்ள வண்டி என்றால் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்குப் பாலிஷ் போட்டால் அங்கங்கே பளபளத்து அசிங்கமாகிவிடும். செராமிக் கோட்டிங் போட்டிருந்தால் போட்டவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் வாட்டர் ஸ்பாட் ரிமூவரைப் பயன்படுத்துவது பாதுகாப்பு.

கறையின் வெள்ளை போய்விட்டது, ஆனால் தடவினால் இன்னும் சொரசொரப்பு இருக்கிறதா? கிளே பார். ஷாம்பூ நீரைத் தாராளமாகத் தெளித்து, தட்டையாகப் பிசைந்த கிளேயை எடை தராமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். வழுக்க ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். கீழே விழுந்த கிளேயை மறுபடி தொடவே கூடாது, குப்பைதான்.

படி 4: பாலிஷ்

பள்ளமாகத் தெரியும் வளையத்துக்கும் வினிகருக்குக் கரையாத மங்கலுக்கும் மட்டும் இது. பாலிஷ் பள்ளத்தை நிரப்பாது. சுற்றியுள்ள கிளியர் கோட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிளியர் கோட் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மென்மையான பாலிஷ், மென்மையான ஃபோம் பேட், இவற்றிலிருந்து தொடங்குங்கள். கையால் செய்தாலும் சரி, டூயல் ஆக்‌ஷன் மெஷின் என்றாலும் சரி, ஓரங்களிலும் மடிப்புகளிலும் அழுத்தாதீர்கள், அங்கே பெயின்ட் இன்னும் மெலிது. ஒரே மையத்தில் சுழலும் ரோட்டரி மெஷின் பழகாத கைக்கு வேண்டாம். இரண்டு சுற்றுக்குப் பிறகும் மங்கலாக ஒரு தடம் மிஞ்சினால், அதோடு வாழப் பழகுவதுதான் நல்லது என்பது என் கருத்து. முழுதாக எடுத்தே தீர வேண்டும் என்றால், பெயின்ட் தடிமனை மீட்டர் வைத்து அளந்து காட்டிவிட்டு வேலையைத் தொடங்கும் டீடெய்லிங் கடைக்குப் போங்கள். அளக்காமல் ரப்பிங் போடுகிற இடத்தில் விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் வேக்ஸோ சீலன்ட்டோ போட்டே ஆக வேண்டும். அமிலமும் கிளேயும் பாலிஷும் பழைய பூச்சை எடுத்திருக்கும், பெயின்ட் இப்போது வெறுமையாக நிற்கிறது.

பார்க்கிங் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்

அடுக்குமாடியின் கீழே பார்க்கிங்கில் நிறுத்துகிறவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கான்கிரீட் தளத்தில் கசிவு இருந்தால், நீர் சிமென்ட்டிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டும். இது போர் தண்ணீர் மாதிரி சாதுவானது இல்லை. கால்சியம் ஹைட்ராக்சைடு, காரத்தன்மை 12-ஐ ஒட்டிய பிஎச். கிளியர் கோட்டை விரைவாக அரிக்கும். கெட்டியான வெள்ளைச் சொட்டு, சில சமயம் ஓடு மாதிரியே தடித்து நிற்கும்.

பார்த்த அன்றே எடுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றி, வினிகர் துணியை வைத்து, இளகியபின் துடையுங்கள். நகத்தால் பெயர்த்தால் பெயின்ட்டும் கூட வரும். கூடவே வேறு இடத்தில் நிறுத்திக்கொண்டு, அசோசியேஷனில் தளத்துக்கு வாட்டர் ப்ரூஃபிங் செய்யச் சொல்லுங்கள். இந்தக் கசிவு கூரையின் கம்பிக்கும் நல்லதல்ல, உங்கள் காருக்கு மட்டும் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுபடி வராமல் இருக்க

கறை வருவது தண்ணீர் படுவதால் இல்லை, தண்ணீர் வண்டி மேலேயே காய்வதால். ஆகவே கடைசியில் துடைப்பதுதான் முக்கால்வாசி வேலை. முழு வண்டியையும் நனைத்துவிட்டுப் பிறகு துடைக்காமல், கூரை, பானெட், ஒரு பக்கம் என்று பிரித்துப் பிரித்துச் செய்யுங்கள். ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை மெதுவாக வழிய விட்டால் பெரும்பகுதி தானாகவே இறங்கிவிடும்.

கழுவுவதெல்லாம் போர் தண்ணீரில் இருக்கட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் ஐந்தாறு லிட்டர் நல்ல தண்ணீர் கிடைத்தால் போதும். ஏசியிலிருந்து பக்கெட்டில் சேரும் தண்ணீரில் இந்த உப்புகள் அநேகமாக இருக்காது. மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். மாடியில் சேமித்த மழைநீரும் அப்படியே. ஆர்ஓ மெஷினின் கழிவு நீரைச் சிக்கனம் என்று காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, போர் தண்ணீரைவிட மோசம். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தாலும் கறை வரும். அது கால்சியத்துக்குப் பதில் சோடியத்தை வைக்கிறது. ஆனால் அந்தக் கறை சாதாரணத் தண்ணீரிலேயே கரைந்துவிடும் என்பது பெரிய ஆறுதல்.

டிடிஎஸ் பேனா காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது கரைந்துள்ள எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டு சோதனை கிட் அதைச் சொல்லிவிடும்.

காலையில் வண்டி துடைக்க வரும் அண்ணன் ஒரே பக்கெட் போர் தண்ணீரில், ஒரே துணியில் பத்து வண்டியைத் துடைக்க வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. உங்கள் வண்டிக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி கொடுத்து, ஒன்றில் ஈரமாகத் துடைத்ததும் இன்னொன்றில் உலர்த்திவிடச் சொல்லுங்கள். துணியை அலச இன்னொரு பக்கெட் நீங்களே எடுத்து வையுங்கள்.

வேக்ஸ், செராமிக் கோட்டிங் பற்றி ஒரு வார்த்தை. பூச்சு இருந்தால் கறை பெயின்ட்டில் நேராக இறங்காது, எடுப்பதும் சுலபம். ஆனால் கறையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூச்சு மேல் தண்ணீர் உருண்டு நிற்கும். அந்த உருண்டை வெயிலில் காய்ந்தால் அதிலுள்ள உப்பு முழுதும் சின்ன இடத்தில் குவியும், அழுத்தமான வளையம் விழும். கோட்டிங் போட்ட வண்டியையும் துடைத்துத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக வைப்பர் தண்ணீர்த் தொட்டி. அதிலும் போர் தண்ணீரை ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும், தினமும் முன் கண்ணாடியில் நீங்களே உப்பைத் தெளிப்பதாகவும் ஆகும். தொட்டியை ஒருமுறை காலி செய்துவிட்டு டிஸ்டில்டு வாட்டரும் வாஷர் லிக்விடும் ஊற்றுங்கள். வைப்பர் பிளேடின் ரப்பர் விளிம்பையும் வினிகர் துணியால் ஒரு இழு இழுத்துத் துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் உப்பும் மணலும்தான் கண்ணாடியில் அரைவட்டக் கோடு போடுகின்றன.